கவ்வாத்துக் கத்திக்குப் பத்து வருஷ வொரண்டி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். றக்வான பஸாரில் இது தெரியாத ஆள் கிடையாது. ஹாட்வெயார் கடை வைத்திருப்பவனுக்கு ஆகாத குணம்தான். ஆனால் ஒருவர் வந்து நின்று, இருக்கிற சுத்தியலையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல மலிவானது எது?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மலிவைக் கேட்காதீர்கள், எத்தனை நாள் உழைக்கும் என்று கேளுங்கள் என்று பிடித்துக்கொள்வேன். பாதிப் பேர் என் வாய்க்குப் பயந்தே நான் காட்டியதை வாங்கிக்கொண்டு போவார்கள். அதை வியாபாரத் திறமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கைச்சாமான் விஷயத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் என்னிடம் ஒரு தீர்ப்பு இருந்தது. ஜெர்மன் ஸ்பேனர் நட்டில் வழுக்காது, விலையைக் கேட்கும்போது நமக்குத்தான் கால் வழுக்கும். ஜப்பான் வாள் மரத்தில் இறங்குவதே தெரியாது, ஆனால் ஓர் ஆணியில் பட்டால் பல் போய்விடும். இந்தியாக் குறடு பார்க்க லட்சணமாக இராது, போட்டு மிதித்தாலும் அப்படியே கிடக்கும். சீனச் சாமானில் பத்துத் தினுசு உண்டு. நல்லதும் அங்கிருந்துதான் வருகிறது, வாங்கின அன்றைக்கே பிடி கையோடு வருவதும் அங்கிருந்துதான் வருகிறது. எது எதுவென்று பிரித்துச் சொல்ல என்னைப்போல ஒருவன் வேண்டும். அரத்தை எடுத்துக் கத்தியின் வாயில் ஓர் இழுப்பு இழுப்பேன். அரம் கடித்தால் எஃகு மெது, வழுக்கிக்கொண்டு போனால் எஃகு கடினம். கடையில் நாலு பேர் நிற்கும்போது இதைச் செய்து காட்டுவதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

வொரண்டியைப் பற்றிக் கேட்டால் இன்னும் அரை மணி நேரம் பேசுவேன். ஒரு கம்பெனி ஆயுட்கால வொரண்டி என்று போடும், யாருடைய ஆயுள் என்று போடாது. இன்னொன்று பில், முத்திரை, பெட்டி, பெட்டிக்குள் இருந்த காகிதம் என்று எல்லாவற்றையும் கேட்கும். கல்யாணம் பதியப் போனால்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். மலிவுச் சாமானுக்குக் கடைக்காரன் முகம்தான் வொரண்டி. சிங்களக் கிராமத்தில் இரும்படிக்கிற பாஸ் செய்யும் கத்திக்கு வொரண்டியே கிடையாது. ஆனால் வளைந்தால் கொண்டுபோய்க் கொடுக்கலாம், வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தட்டி நிமிர்த்திக் கொடுப்பார். அந்த ஆளை நான் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பேசுவேன்.

இனி அடையாளத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஆயுதம் வாங்கினால் முதல் வேலை அதில் அடையாளம் போடுவதுதான். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் இருபது முப்பது கத்திகள் ஒரே மூலையில் சாத்தியிருக்கும். கைமாறிப் போனால் அவ்வளவுதான், வரிசை வீடுகளான லயமே சண்டையில் இரண்டாகிவிடும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. ஒரு வீட்டுக்குப் பெருக்கல், ஒரு வீட்டுக்குச் சாய்ந்த கோடு, ஒரு வீட்டுக்கு இரண்டு வெட்டு. அப்பா மம்பட்டியில் இருந்த குறியே மகன் கத்திக்கும் வரும். என் கடையில் சாமான் வாங்கினால் பின்பக்கத்தில் இருக்கிற சாணைக் கிரைண்டரில் நானே குறியைப் போட்டுக் கொடுப்பேன், இலவசமாக. வேறு கடைக்குப் போகாமல் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் வந்தார்கள்.

எனக்கொரு சிநேகிதன். அவனும் நானும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பரா வீட்டில் பிறந்தவர்கள். ஒரே பள்ளிக்கூடம், உட்கார்ந்ததும் ஒரே வாங்கு. நான் பஸாருக்கு வந்து கடைகளில் நின்று, கடைசியில் சொந்தமாக ஒன்று போட்டேன். அவன் மலையிலேயே நின்றுவிட்டான். தேயிலைச் செடியின் கிளை வாதுகளை நறுக்குகிற கவ்வாத்து வெட்டில் அவனை மிஞ்ச அந்தத் தோட்டத்தில் ஆள் இல்லை. இடது கையால் வாதைச் சேர்த்துப் பிடித்து வலது கையால் கத்தியைக் கீழிருந்து மேலாக ஓர் இழுப்பு. சீவிய மாதிரி இருக்கும், ஒரு பிசிறு நிற்காது. தோட்டத்துச் செக்ரோல் பதிவில் பெயர் வைத்துக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது என்று, சில வருஷமாக அவன் கொந்தரப்புக்குத்தான் வெட்டினான். எத்தனை செடி வெட்டுகிறானோ அதற்கு மட்டும் கூலி, கத்தி சொந்தக் கத்தி. அவனுடைய மனைவி அதே தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறாள். எனக்குத் தங்கச்சி முறை. பஸாருக்கு இறங்கினால் கடை வாசலில் நின்று "என்னண்ணே, யாரத் திட்டிக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்காமல் போக மாட்டாள்.

அவன் காலமெல்லாம் பாஸ் அடித்த கத்தியைத்தான் பிடித்தான். ஒருநாள் அதைக் கொண்டுவந்து, வாய் தேய்ந்துவிட்டது, புதிதாக ஒன்று பாஸிடம் சொல்லலாமென்று இருக்கிறேன் என்றான். எனக்கு வந்ததே கோபம். கையில் இப்படி ஒரு வேலையை வைத்துக்கொண்டு இந்த லொறி ஸ்பிரிங் தகட்டைப் பிடித்து மாரடிக்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா என்று ஏசினேன். கொழும்பில் ஒரு கம்பெனி புதிதாக இறக்கியிருந்த ஜெர்மன் கத்தியை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். இரண்டிலும் அரத்தை இழுத்துக் காட்டினேன். பாஸ் கத்தியை அரம் கடித்தது. ஜெர்மன் கத்தியில் கண்ணாடி மேல் போவதுபோல வழுக்கிக்கொண்டு போனது.

அவன் புதுக் கத்தியைக் கையில் தூக்கி எடை பார்த்தான். பிடித்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது. "ஒடஞ்சா மாத்திக் குடுப்பாங்களா மச்சான்?" என்று கேட்டான்.

"பத்து வருஷம். மாத்திக் குடுக்கலன்னா என் சட்டையப் புடி" என்றேன்.

காகிதத்தை விரித்து, பத்து என்று போட்டிருந்த இடத்தை விரலால் காட்டினேன். அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ இருந்தது. ஊருக்கெல்லாம் வொரண்டிப் பாடம் நடத்துகிற நான் அதைத் திருப்பிப் படிக்கவில்லை. படிக்கத் தெரியாமல் இல்லை, அலட்சியம்.

அவன் வீட்டுக் குறி மூன்று வெட்டு. கத்தியின் முதுகில், பிடிக்குக் கொஞ்சம் மேலே. கிரைண்டரில் வைத்தேன். பாஸ் கத்தியென்றால் இரண்டு விநாடி வேலை. இது லேசில் இறங்கவில்லை, அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. பொறி பறந்தது. வெட்டைச் சுற்றி எஃகு மஞ்சளாகிப் பிறகு நீலமாகியது. சூடு என்று வாளித் தண்ணீரில் முக்கினேன், சுர்ரென்றது. மூன்று தடவையும் அப்படித்தான் செய்தேன். கடைக்கு வந்த நாலு பேரோடு அவனும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒருதரம் "மச்சான்" என்று ஏதோ சொல்ல வந்தான். "சும்மா நில்லுடா, கைக்கு வந்திடும்" என்று அதட்டினேன். நின்றுவிட்டான்.

ஐந்து வாரம் கத்தி நன்றாகத்தான் வெட்டியது. அப்படி ஒரு கத்தியை ஜென்மத்தில் பிடித்ததில்லை என்று அவன் சொன்னதாக அவன் தோட்டத்து ஆட்கள் வந்து சொன்னார்கள். அதைச் சொல்லியே இன்னும் நான்கு கத்தி விற்றேன். ஆறாம் வாரம், காலை ஒன்பது மணி இருக்கும், த்ரீவீல் ஓட்டுகிற ஒருவர் கடை முன்னால் நிறுத்தி, இறங்காமலே சொன்னார். வாதில் கத்தியை இழுக்கும்போது கத்தி பிடிக்கு மேலே முறிந்துபோய், அந்தத் துண்டு திரும்பி வந்து அவனுடைய இடது மணிக்கட்டில் இறங்கிவிட்டதாம். சாரத்தைக் கிழித்துக் கட்டி இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம். கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

உயிர் பிழைத்தான். நரம்பைத் தைத்தார்கள். ஆனால் நடுவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை மூன்றும் மடங்கவில்லை, இனி மடங்காது என்று இரண்டு மாதம் கழித்துச் சொல்லிவிட்டார்கள். வாதைச் சேர்த்துப் பிடிக்க முடியாத கை கவ்வாத்துக்கு உதவாது. தோட்ட ஆபீசில் கேட்டதற்கு, ஆள் கொந்தரப்பு, கத்தியும் தோட்டத்துக் கத்தி அல்ல, நாங்கள் ஒன்றும் தர முடியாது என்றார்கள். அவன் வெளியே காட்டவில்லை. அவளுக்குத்தான் முகம் கறுத்துப்போய்விட்டது. வீட்டுச் செலவெல்லாம் இனி அவளுடைய கூடையில்.

எனக்கு அந்தக் கம்பெனி மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே அவளிடம் சொன்னேன், கம்பெனிக்காரன் பத்து வருஷம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான், ஐந்து வாரத்தில் முறிந்திருக்கிறது, கத்தியை மட்டுமல்ல கைக்கும் சேர்த்து அவனிடம் வாங்காமல் விட மாட்டேன் என்று. அவள் என்னைக் கும்பிட்டாள். "ஒங்களத்தான் அண்ணே நம்பியிருக்கேன்" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடைக்கு வந்து, பதில் வந்ததா என்று கேட்பாள். நான் அனுப்பிய மெயில், பேசிய போன், ஏசிய ஏச்சு எல்லாவற்றையும் விவரமாகச் சொல்வேன்.

கடைசியில் கம்பெனி நேரில் வரச் சொன்னது. இரண்டு துண்டையும் பழைய பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று சிங்களத்தில் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அங்கே இருந்தது ஒரு சின்ன வயது எஞ்சினியர் பெண். நான் கத்தத் தொடங்கியதும் அவள் குறுக்கே பேசவில்லை. முடியும்வரை கேட்டாள். பிறகு முறிந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னாள். முறிவு மூன்றாவது வெட்டின் அடியிலிருந்து தொடங்கியிருந்தது. சுற்றி அந்த நீலக் கறை. இந்த எஃகைச் சூடாக்கித் தண்ணீரில் முக்கினால் அந்த இடத்தில் மயிரிழை விரிசல் விழும், மெது இரும்பில் வெட்டினால் ஒன்றும் ஆகாது, இதில் வெட்டவே கூடாது என்றாள். வொரண்டிக் காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, அந்தப் பொடி எழுத்தைக் காட்டினாள். அதுதான் எழுதியிருந்தது.

பேனாவை எடுத்துக்கொண்டு, "மேக்க கெப்புவே கவுத?" என்று கேட்டாள். இதை வெட்டியது யார் என்று. கோபமாகக் கேட்கவில்லை, முன்னால் இருந்த படிவத்தில் நிரப்புவதற்காகக் கேட்டாள்.

நான் சொன்னேன், வாங்கினவர் என்று.

இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. யோசித்துச் சொன்ன பொய்யென்றால்கூட ஒரு மாதிரி. யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. அவள் எழுதிக்கொண்டாள். நான் கையெழுத்துப் போட்டேன். எழுந்தபோது, நல்லெண்ணத்துக்காக என்று ஒரு புதுக் கத்தியைப் பெட்டியோடு கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை, வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் பின்னேரம் லயத்துக்கு ஏறிப் போனேன். அவள் அப்போதுதான் மலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். கம்பெனி கையை விரித்துவிட்டது என்றேன். ஏன் என்று அவள் கேட்டாள். கத்தியில் குறி வெட்டியதால்தான் முறிந்ததாம், அதற்கு வொரண்டி இல்லையாம் என்றேன். யார் வெட்டியது என்பதைச் சொல்லாமல், குறி வெட்டியதால் என்று மட்டும் சொன்னேன்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "ஒங்கப்பன் வீட்டு மூணு வெட்டு இல்லாட்டி ஒங்களுக்குக் கத்தி புடிக்க வராதோ?" என்று தொடங்கினாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு கத்தியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன், அடையாளமாம் அடையாளம், இனி எந்தக் கத்தியில் போடப்போகிறீர்கள் என்று கேட்டாள். பக்கத்துக் காம்பராக்களில் கதவு திறந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, நாந்தானே போடச் சொன்னேன்" என்றான். என்னைப் பார்க்கவில்லை.

அவள் ஓய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தபோதுதான் எனக்கு வாய் வந்தது. வெட்டியது நான்தான், நீலமாக்கித் தண்ணீரில் முக்கியதும் நான்தான், கொழும்பில் கேட்டபோது இவன் வெட்டினான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்றேன். அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அன்னைக்கே தெரியும் மச்சான்" என்றான். "நீலம் ஓடினா இரும்பு செத்துப் போச்சுன்னு பாஸ் சொல்லுவாரு. சொல்ல வந்தேன். நீ கத்துன. நாலு பேர் நிக்கிற எடத்துல ஒனக்கு எதுக்குப் புத்தி சொல்லணும்னு விட்டுட்டேன்."

தெரிந்துகொண்டே அந்தக் கத்தியை ஐந்து வாரம் பிடித்திருக்கிறான். என் முகம் கோணக்கூடாது என்று. நான் ஏசுவேன் என்று. என் வாய்க்குப் பயந்து சாமான் வாங்குகிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேனே, அதில் இவனும் ஒருவன் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவன் நல்ல கையால் என் தோளைத் தட்டினான்.

அவள் அழவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒருத்தருக்கொருத்தர் மொகம் வாடாமப் பாத்துக்கிட்டீங்க" என்றாள். "வெட்டுனது யாருன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. நான் ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம மலையிலருந்து எறங்கி வந்து கேட்டுக்கிட்டு நின்னேன்." உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அடுத்த வாரமே மறுபடி கொழும்புக்குப் போனேன். அந்தப் பெண்ணிடம், நான் பொய் சொன்னேன், வெட்டியது கடைக்காரனாகிய நான்தான், எழுதியதை மாற்றுங்கள் என்றேன். அவள் பைலை எடுத்துப் பார்த்தாள். மாற்றி எழுதினாள். இதனால் அவனுக்கு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். "கவுரு கெப்புவத் எக்கய்" என்றாள். யார் வெட்டினாலும் ஒன்றுதான். பைலை மூடி வைத்துவிட்டு, வந்ததற்கு நன்றி என்றாள்.

கிரைண்டரில் குறி போடுவதை நிறுத்திவிட்டேன். காரணம் சொன்னால் ஆட்கள் நம்புவதில்லை. இவருக்கு இப்போது தலைக்கனம் வந்துவிட்டது என்று எதிர்க் கடைக்குப் போகிறார்கள். விற்ற மற்ற நான்கு கத்திகளையும் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். இரண்டு பேர் கொடுத்தார்கள். இரண்டு பேர், இவ்வளவு நல்ல கத்தியைத் திருப்பித் தர எங்களுக்கென்ன பைத்தியமா என்றார்கள். அவர்களிடம் நான் கத்தவில்லை. கெஞ்சினேன். அதுவும் எடுபடவில்லை. அந்தக் கத்திகள் இன்னும் மலையில்தான் இருக்கின்றன.

அவனுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று இராத்தூக்கம் இல்லாமல் யோசித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் லயத்துக்குப் போனேன். அவன் குளிக்கப் போயிருந்தான். அவள்தான் இருந்தாள். கடையில் என்னோடு வந்து நிற்கச் சொல், சாமான் எடுத்துக் கொடுக்க ஒரு கை போதும், மாதச் சம்பளம் தருகிறேன், சிநேகிதனாக இருக்கட்டும், வேலைக்காரனாக அல்ல என்றேன். இதைச் சொல்லும்போது என் நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது போலக்கூட இருந்தது. அவள் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் பேசி முடிக்கும்வரை ஊசியை நிறுத்தவில்லை. பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சரிங்க மொதலாளி" என்றாள். "எத்தன மணிக்கு வரச் சொல்றது?"

எட்டு மணிக்கு என்றேன். அவன் இப்போது எட்டு மணிக்கு வருகிறான்.